தேன்கூடு சமைத்த அநாதைச் சிறுவன்

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு நண்பகல், ஒதுங்கி நிற்க ஒரு மரநிழலும் இல்லாத வல்லை வெளியின் நடுவே, எங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற பழைய மோட்டார் வண்டி மூச்சடைத்து நின்றது. முன்மூடியின் இடுக்குகளினின்றும் வெண்ணிற ஆவி எழுந்தது. அடியிலே வெந்நீர் துளித்துளியாகச் சொட்டியது. அது 1930களில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட எம்.ஜி. வண்டி, இருவர் மட்டும் அமரத்தக்கது, பந்தய ஓட்டத்திற்கென்றே பிறந்த சாதி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் துரையிடமிருந்து பெரியப்பா அதனை வாங்கினார் என்பது எங்கள் குடும்பத்துப் பழங்கதை. ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கொடிய தொண்ணூறுகளில், இந்த வண்டி மாட்டுக் கொட்டிலொன்றில் வைக்கோலின் கீழ் உறங்கித் தப்பியது.

எஞ்சினைக் குளிர்விக்கும் றேடியேற்றர் ஒழுகுகின்றது என்பதை அறிய மெக்கானிக் வேண்டியதில்லை. வழியிலிருந்த வீடொன்றிற் கைநிறைய மஞ்சள்தூள் வாங்கித் தண்ணீரிற் கரைத்து ஊற்றினேன். இந்தக் கைவைத்தியம் நம் நாட்டுச் சாரதிகள் பலரும் அறிந்தது. ஒழுக்கு அன்று நின்றது உண்மை. ஆயின் மஞ்சள் ஓட்டையை மட்டுமா அடைத்தது? தண்ணீர் ஓடவேண்டிய வழிகளையும் சேர்த்தே அடைத்துவிட்டது. மறுவாரம் வண்டி முன்னிலும் விரைவாகக் கொதித்தது.

பட்டினத்திலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய அலுமினியத்தாற் செய்த ஒன்றை அளவெடுத்துப் பொருத்துவதே அறிவுடைமை என்றார். அவர் சொன்ன விலையிலும் நியாயம் இருந்தது. ஆயினும், பெரியப்பா ஞாயிறுதோறும் எலுமிச்சந்தோலும் சாம்பலும் இட்டுத் தேய்த்த பித்தளையை எறிய எனக்கு மனம் வரவில்லை. கடைசியில், முன்னாளில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் றேடியேற்றரைக் கழற்றி, இறப்பர்க் குழாய்கள் பூட்டும் வாய்களைத் தக்கையால் அடைத்து, ஒரு வாயின் வழியே சைக்கிள் பம்பினாற் காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினார். எங்கே குமிழி எழுகின்றதோ அங்கே ஓட்டை. குமிழிகள் ஓரிடத்திலன்றிப் பல இடங்களிலும் எழுந்தன. முதியவர் ஒவ்வோரிடத்தையும் சுண்ணாம்பினாற் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்து வெய்யிலில் உயர்த்திப் பிடித்தார். அப்பொழுதுதான் நான் அதனை முதன்முறை கூர்ந்து பார்த்தேன். நாற்பது ஆண்டு பழகிய பொருளை அன்றுதான் கண்டேன் என்றே சொல்லவேண்டும். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஊடுருவிச் செல்லும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள்! கண்ணுக்குள்ளே காற்று, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் தண்ணீர். சாட்சாத் தேன்கூடு.

இதனை முதலிற் செய்தவன் யார் என்ற கேள்வி அன்றே என்னைப் பற்றிக்கொண்டது. தேடிப் படித்தபோது கிடைத்த சரித்திரத்தையே இங்கு எழுதுகின்றேன்.

அவர் பெயர் வில்ஹெல்ம் மைபாக். ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரில் 1846ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். குடும்பம் ஸ்ருட்கார்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு எட்டு வயதாகும்போது தாய் இறந்தாள். பத்து வயதாகும்போது தந்தையும் இறந்தார். ஐந்து பிள்ளைகளும் தெருவில் நின்ற நிலை. இரக்கமுள்ள சிலர் நகரத்துப் பத்திரிகையொன்றில் இப்பிள்ளைகளுக்காக உதவி வேண்டி ஓர் அறிவித்தலை வெளியிட்டனர். அதன் பயனாக, றொய்ட்லிங்கன் என்னும் ஊரில் குஸ்தாவ் வேர்னர் என்ற சமயத் தொண்டர் நடத்திவந்த சகோதரர் இல்லம் வில்ஹெல்மை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையின் ஒரு மூலையில் வந்த சில வரிகளால் ஒருவன் பிழைத்தான் என்பதைப் பத்திரிகைக்கு எழுதுகின்ற நான் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்கின்றேன்.

அந்த இல்லத்துக்குச் சொந்தமாக ஒரு யந்திரத் தொழிற்சாலையும் இருந்தது. பையனின் கை வரைதலில் வல்லது என்பதைக் கண்ட வேர்னர், அவனை வரைபட அறையிற் பயிற்சிக்கு அமர்த்தினார். பகலெல்லாம் வரைபலகை, மாலையில் கணித வகுப்பு. அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தவரே கொட்லீப் டைம்லர். 1865ஆம் ஆண்டளவில் இருவரும் ஒருவரையொருவர் அறிந்தனர். மைபாக்குக்கு வயது 19. டைம்லர் அவரினும் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்று தொடங்கிய நட்பு, டைம்லர் மறையும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. ஒருவர் ஊர் மாறினால் மற்றவரும் பின்தொடர்ந்தார். 1869இல் கார்ள்ஸ்றூஹ, அதன்பின் கொலோன் நகருக்கு அருகே டொய்ட்ஸ் என்னுமிடத்து எரிவாயு எஞ்சின் தொழிற்சாலை. நிக்கொலாஸ் ஒற்றோ 1876இல் நான்கடி எஞ்சினைக் கண்டது அங்கேதான். டைம்லர் அத்தொழிற்சாலையின் தொழினுட்பத் தலைவர். மைபாக் வரைபடப் பகுதிக்குத் தலைவர். 1878இல் மைபாக் மணம் புரிந்தார். மனைவி பேர்த்தா டைம்லரின் மனைவிக்குத் தோழி. மறுவருடம் மூத்த மகன் கார்ள் பிறந்தான்.

1882இல் டைம்லர் மேலிடத்தோடு முரண்பட்டு வெளியேறியபோது, மைபாக்கும் தம் உத்தியோகத்தைத் துறந்து உடன் சென்றார். ஸ்ருட்கார்ட்டின் அயலிலுள்ள கான்ஸ்டாட்டில் டைம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்தில், செடிகள் வளர்க்கும் ஒரு கண்ணாடி மனை இருந்தது. அதனையே பட்டறையாக்கி, இருவரும் இரவு பகலாக உள்ளேயிருந்து உலோகத்தைத் தட்டினர். இவர்கள் கள்ள நாணயம் அடிக்கின்றார்களோ என்று தோட்டக்காரன் ஐயுற்றுப் பொலிசாருக்கு அறிவித்தான். பொலிசார் ஒருவரும் இல்லாத வேளையில் உட்புகுந்து தேடினர். கருவிகளையும் எஞ்சினையுமே கண்டு திரும்பினர். அந்தக் கண்ணாடி மனையிற் பிறந்த சிறிய எஞ்சின், 1885இல், நிலத்தில் நிற்கும் ஊசற் கடிகாரத்தின் தோற்றத்தோடு நிமிர்ந்து நின்றது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 சுற்றுச் சுற்றியது. அக்காலத்து மற்றை எஞ்சின்கள் இருநூறையும் எட்டாதவை. அதே ஆண்டில் அதனை ஒரு மரச் சட்டத்திற் பூட்டி இருசில்லு வண்டியாக்கினர். மறு ஆண்டில் ஒரு குதிரை வண்டியிற் குதிரைக்குப் பதிலாகப் பூட்டினர்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எஞ்சின் விரைவாகச் சுழலும்தோறும் வெப்பமும் பெருகும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கே சில்லைச் சுழற்றுகின்றது; ஒரு பெரும்பங்கு புகையோடு போகின்றது; இன்னொரு பெரும்பங்கு உருளையின் சுவரிலே தங்கி, வெளியேற்றப்படாவிடின் எண்ணெயைக் கருக்கி உலோகத்தை இறுகப் பிடிக்கச் செய்கின்றது. ஆகவே எஞ்சினைப் படைத்தவன் பாதி வேலையையே முடித்தவனாவான். ஆதி மோட்டார் வண்டிகள் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாகப் போக்கிக் குளிர்ந்தன. குடம் குடமாகத் தண்ணீர் தேவைப்பட்டது. ஊருக்கு ஊர் கிணறு தேடி நிற்கும் வண்டியைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? வல்லை வெளியில் வெறும் தகரத்தோடு நின்ற எனக்கு இது நன்றாக விளங்கியது.

மைபாக் இந்த வினாவோடு பதினைந்து ஆண்டுகள் மல்லாடினார். 1889இல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுசென்ற உருக்குச் சில்லு வண்டியில் அவர் கையாண்ட உபாயம் வியக்கத்தக்கது. வண்டியின் சட்டத்தை உருக்குக் குழாய்களால் அமைத்து, அக்குழாய்களுக்குள்ளேயே தண்ணீரைச் சுற்றி ஓடவிட்டார். வண்டியின் எலும்பே அதன் நரம்பும் ஆயிற்று. சிலகாலம், எஞ்சினோடு சுழலும் கனத்த சில்லின் விளிம்பைக் குடைந்து, தண்ணீரை அதனுள் ஓட்டிக் குளிர்வித்தும் பார்த்தார். சிறிய எஞ்சினுக்கு இவை போதும். பெரிய எஞ்சினுக்குப் போதா.

இதற்கிடையில் வாழ்க்கை வேறு வகையிற் கொதித்தது. 1890 நவம்பரில், பணம் படைத்தவர்களோடு சேர்ந்து டைம்லர் கொம்பனி நிறுவப்பட்டது. மைபாக்குக்கு அவர்கள் நீட்டிய ஒப்பந்தம் ஏற்கத்தகாததாக இருந்தது. மூன்று மாதங்களுக்குள் அவர் வெளியேறினார். டைம்லருக்கும் பங்காளிகளுக்கும் பகை மூண்டது. அவ்வேளையில் டைம்லர் செய்த காரியம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. கான்ஸ்டாட்டில் ஹேர்மன் ஹொட்டேல் என்ற கைவிடப்பட்ட விடுதியின் மண்டபத்தை எடுத்து, தம் சொந்தப் பணத்தில் நண்பருக்கு ஒரு பட்டறை அமைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு தொழிலாளர், ஐந்து பயிலுநர். நடனமாடிய மண்டபத்தில் கடைசற் பொறிகள். அங்கேதான் 1893இல், எரிபொருளை நுண்துவாலையாகத் தெளிக்கும் காபுரேற்றரை மைபாக் அமைத்தார். கொம்பனியோ இவர்கள் இன்றித் தளர்ந்தது. ஆங்கில வர்த்தகர் பிரெடெரிக் சிம்ஸ் உரிமம் வாங்க முன்வந்தபோது, டைம்லரை மீள அழைத்தாலன்றிப் பணம் இல்லை என்று நிபந்தனை விதித்தார். 1895இல் இருவரும் திரும்பினர். மைபாக் தொழினுட்பத் தலைவரானார்.

1897இல் அவர் ஒரு புதுவகையைக் கண்டார். தண்ணீர்ப் பெட்டியொன்றின் ஊடே பல சிறு குழாய்களை முன்னிருந்து பின்னாகச் செலுத்தி, ஓடும் வண்டியை எதிர்க்கும் காற்று அவற்றினூடு பாயச் செய்தார். குழாய்கள் வட்டமானவை. வட்டங்களை அடுக்கினால் இடையே வீணான வெளி மிகும். அதிலே நிறையத் தண்ணீர் தேங்கி நிற்கும். தாம் கண்டதன் குறை அவருக்கே தெரிந்திருந்தது. ஆயினும் அதைத் திருத்தவேண்டிய கட்டாயம் நீஸ் நகரிலிருந்து வந்தது.

பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸில் எமில் யெலினெக் என்னும் செல்வர் டைம்லர் வண்டிகளை வாங்கிப் பிரபுக்களுக்கு விற்றுவந்தார். பந்தயங்களில் தம் பெயரை மறைத்து, தம் சிறுமகளின் பெயரை இட்டுக்கொள்வார். 1900 மார்ச்சு 30ஆம் நாள் நீஸ்–லா துர்பி மலையேற்றப் பந்தயத்தில், டைம்லர் வண்டியை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் முதல் வளைவிலேயே பாறைச் சுவரில் மோதி மாண்டார். உயரமும் பாரமும் மிகுந்த அவ்வகை வண்டி பந்தயத்துக்கு ஏற்றதன்று. பந்தயத்தையே கைவிடுவோமா என்று கொம்பனி தயங்கியது. அதற்கு முன்னரே, மார்ச்சு 6ஆம் நாள், டைம்லர் காலமாகிவிட்டார். நண்பரை இழந்த சில கிழமைகளுக்குள் மைபாக் தனித்து நின்று விடைகூற வேண்டியதாயிற்று. யெலினெக் விட்டுவிடவில்லை. நீளமும் அகலமும் கூடிய, தாழ்ந்து நிற்கின்ற, வலிமை மிக்க புதியதொரு வண்டி வேண்டும் என்றார். 36 வண்டிகளுக்கு 550,000 மார்க் பெறுமதியான கட்டளையை ஏப்பிரில் 2ஆம் நாள் கொடுத்தார். புதிய வண்டிக்குத் தம் மகளின் பெயரே இடப்படவேண்டும் என்பதும் அவர் கோரிக்கை. மகளுக்கு அப்போது வயது பத்து. பெயர் மெர்சிடிஸ்.

முப்பத்தைந்து குதிரைவலு, நான்கு உருளை, 5.9 லீற்றர் கொள்ளளவு. இத்தகைய எஞ்சினைத் தாழ்ந்த வண்டியில் வைத்து, கொதிக்காமல் ஓட்டுவது எப்படி? வட்டக் குழாய்களை மைபாக் சதுரமாக்கினார். அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம்; ஆனால் அந்த அவ்வளவிலேதான் எல்லாம் இருக்கின்றது. ஆறு மில்லிமீற்றர்ப் பக்கமுள்ள சதுரக் குழாய்களை அடுக்கினால் இடையிலே நூலிழை போன்ற சந்து மட்டுமே மிஞ்சும். தண்ணீர் அச்சந்துகளில் மெல்லிய தகடாகப் பரந்து இறங்கும். அதன் ஒவ்வொரு துளியும் காற்றுப்பட்ட உலோகத்தைத் தொடும். இவ்வாறு 8,070 குழாய்களை ஒன்றாகப் பற்றாசு வைத்து ஒரு முகமாக்கினார். பின்னாலே ஒரு விசிறியையும் வைத்தார்; வண்டி மெல்ல ஏறும்போதும் காற்று இழுக்கப்பட்டது. முன்பு பதினெட்டு லீற்றர் தண்ணீர் வேண்டியிருந்த இடத்தில் ஒன்பது லீற்றர் போதியதாயிற்று. 1900 செப்டெம்பரில் கொம்பனி இதற்குக் காப்புரிமை கோரியது. தேன்கூட்டு றேடியேற்றர் என்று உலகம் அதனை அழைக்கின்றது.

இந்தக் கணக்கை நான் எங்கள் முதியவரிடம் சொன்னேன். 8,070 குழாய், இரு முனைகளுமாக 16,140 வாய்கள், அத்தனைக்கும் பற்றாசு. அவர் பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அதைச் செய்த தொழிலாளிகளின் பெயர் ஏதும் புத்தகத்தில் இருக்கின்றதா என்று வினவினார். நான் படித்தவற்றில் அப்படி ஒரு பெயரையும் காணவில்லை.

முதல் வண்டி 1900 டிசெம்பர் 22ஆம் நாள் நீஸுக்கு அனுப்பப்பட்டது. மறு பெப்ரவரியில் போ நகரத்துப் பந்தயத்தில் அது பழுதுற்று நின்றது. எதிரிகள் நகைத்திருப்பர். ஆனால் மார்ச்சு மாதத்து நீஸ் பந்தய வாரத்தில், வில்ஹெல்ம் வேர்னர் ஓட்டிய மெர்சிடிஸ், நீஸிலிருந்து சலோனுக்குப் போய் மீண்ட 392 கிலோமீற்றர் ஓட்டத்தில் வென்றது. முந்திய ஆண்டு பவர் மாண்ட அந்த லா துர்பி மலையேற்றத்திலும் மெர்சிடிஸே வென்றது. வண்டி என்பது குதிரையை இழந்த கோச்சு என்ற எண்ணம் அந்த வாரத்தோடு ஒழிந்தது. முன்னாலே தேன்கூடு, அதன் பின்னே எஞ்சின், அதன் பின்னே சாரதி. இந்த ஒழுங்கையே என் பெரியப்பாவின் வண்டியும் பின்பற்றுகின்றது. பிரெஞ்சு நாட்டவர் மைபாக்கை வண்டி சமைப்போரின் அரசன் என்று போற்றினர். 1902இல் மெர்சிடிஸ் என்பது பதிவுபெற்ற வர்த்தகக் குறியாயிற்று. மறுவருடம் யெலினெக் தம் பெயரோடும் அதனைச் சேர்த்துக்கொண்டார். கொம்பனியின் பெயர் டைம்லர்; வண்டியின் பெயர் மெர்சிடிஸ். மைபாக் என்ற பெயர் எங்குமில்லை.

பெயர் இல்லாமற் போனதோடு நின்றிருந்தால் அவர் பொறுத்திருக்கக்கூடும். டைம்லர் மறைந்தபின் அவருக்கு ஆதரவாக நிற்பவர் கொம்பனியிற் குறைந்தனர். மெல்ல மெல்ல அவர் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. புதியன கண்டுபிடிப்பதற்கென்று ஒரு தனியறை ஒதுக்கப்பட்டு, அதனுள் அமர்த்தப்பட்டார். ஒருவரை வெளியே தள்ளுவதற்கு இவ்வளவு நாகரிகமான வழியும் உண்டு என்பதை, உத்தியோகம் பார்த்தவர்கள் நன்கு அறிவர். 1907 ஏப்பிரிலில், அறுபத்தொரு வயதில், அவர் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் டைம்லரின் மகன் போல்.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் எக்டர்டிங்கன் என்னுமிடத்தில் செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல் எரிந்து சாம்பலாயிற்று. ஆகாயக் கப்பலுக்கு மேலான எஞ்சின் செய்யலாம் என்று மைபாக் பிரபுவுக்கு எழுதினார். 1909இல் அதற்கென ஒரு கொம்பனி பிறந்தது. அதனை நடத்தியவர் மகன் கார்ள், தந்தை ஆலோசகர். 1916இல் ஸ்ருட்கார்ட் தொழினுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. மாலை வகுப்பிற் கணிதம் படித்த அநாதைப் பையன் கலாநிதி மைபாக் ஆனார். யுத்தத்தின்பின் ஆகாய எஞ்சின்கள் செய்வதற்குத் தடை வந்தமையால் கார்ள் மோட்டார் வண்டிக்குத் திரும்பினார். 1921இல் பேர்லின் கண்காட்சியில் அவர்களுடைய வண்டி நின்றது. தந்தைக்கு வயது 75. அவ்வண்டியின் பெயர் மைபாக்.

1929 டிசெம்பர் 29ஆம் நாள் அவர் காலமானார். யெலினெக்கின் மகள் மெர்சிடிஸும் அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் இறந்தாள். கான்ஸ்டாட்டின் உஃப் மயானத்தில் மைபாக்கை அடக்கம் செய்தனர். கொட்லீப் டைம்லர் துயில்வதும் அங்கேதான். விலையுயர்ந்த சில வண்டிகளில் இன்று மெர்சிடிஸ், மைபாக் என்னும் இரு பெயர்களும் சேர்த்தே பொறிக்கப்படுகின்றன. அது 2014ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஏற்பாடு.

எங்கள் றேடியேற்றரை முதியவர் ஐந்து நாள் வைத்திருந்தார். முதல் இரண்டு நாளும் என் மஞ்சளைக் கழுவி எடுப்பதிற் போயின. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும். முகப்பில் இணைப்பு விட்ட இடங்களை உரஞ்சித் துலக்கி, திராவகம் தடவிப் பற்றாசு ஓடவிட்டார். குழாயின் நடுவிலே அரித்துப்போனவற்றுக்குள் கோல் நுழையாது. அத்தகைய கண்களை இரு முனையிலும் ஈயத்தால் அடைத்துவிட்டார். அந்தக் கண்ணிற் காற்றுப் போகாது. ஆனால் தண்ணீர் வெளியே வராது. அப்படிப் பதினொரு கண்கள் அடைபட்டிருக்கின்றன. இத்தனை ஆயிரத்தில் பதினொன்று போனால் வண்டிக்குத் தெரியாது என்பது அவர் தீர்ப்பு.

சென்ற ஞாயிறன்று பருத்தித்துறைக்குப் போய்வந்தேன். வல்லை வெளியில் முன்பு நின்ற அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தேன். நிலம் உலர்ந்தே இருந்தது. இடது மூலையில், கீழிருந்து மூன்றாம் வரிசையில், ஒரு கண்ணின் விளிம்பில் மட்டும் இலேசாகப் பச்சை படிந்திருக்கின்றது. அடுத்த கிழமை முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.